சிவப்புப் பலகையும் பால் பொங்கிய காலையும்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் இரண்டு வகை. பிள்ளைக்கு இரசாயனவியல் சொல்லிக் கொடுப்பேனா என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. மற்றது நிரோஷா. எங்கள் ஆய்வுகூடத்தில் என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். படு கெட்டிக்காரி. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

போன கிழமை எடுத்தாள். மன்னார்த் தீவில் நாங்கள் அந்தக் காலத்தில் அளந்த காற்றின் கணக்குகளை எல்லாம் ஒரு புதிய கணினி நிரலுக்குள் போட்டுச் சலிக்கிறாளாம். பிழையான அளவுகளை அந்த நிரல் தானாகவே கண்டுபிடித்து வெட்டி எறிந்துவிடுமாம்.

"மிஸ், ஒரே ஒரு நாள் காலமை மட்டும் கோடு வானத்துக்கு ஏறி நிக்குது. அதுக்கு முதல் கன நாளா ஒரு அசைவும் இல்லை. மிசின் பழுதாப் போச்சோ? இதைத் தூக்கி எறி எண்டு புரோகிராம் சொல்லுது. எறியட்டோ?"

"எறிஞ்சீரெண்டால் நான் வந்து உம்மட கதிரையைத் தூக்கி எறிவன்" என்றேன்.

பாவம், பயந்துபோனாள். காரணம் கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆகவே நிரோஷா, இது உமக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் இரசாயனவியல் படித்தேன். பிறகு ஒரு குளிர்நாட்டில், காற்றில் மிதக்கும் நுண்துகள்களை வடிதாளில் பிடித்து அளக்கப் பழகினேன். புகை, தூசு, கடல் உப்பு எல்லாம் அதில் அடக்கம். "பெட்டை காத்தை நிறுக்கப் போறாளாம்" என்று என் மாமாமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் திரும்பி வந்தபோது போர் முடிந்திருந்தது. பேராசிரியர் அரியநாயகம் என்னைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அவர் "சேர்". எனக்கும்.

சேருடைய கேள்வி விமானங்களைப் பற்றியது. தெற்கே, ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற சனங்கள், காயப்போட்ட உடுப்பிலெல்லாம் கரி படிகிறது என்று முறைப்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அங்கே போய் அளப்பது சுலபம். அந்தக் கரியில் எவ்வளவு விமானத்தினுடையது, எவ்வளவு லொறியினுடையது, எவ்வளவு அடுப்பினுடையது என்று சொல்வதுதான் கஷ்டம். அதற்கு விமானமும் லொறியும் அடுப்பும் இல்லாத ஓர் இடத்துக் காற்றின் அளவு வேண்டும். அதை வைத்துத்தான் மற்றதைக் கழித்துப் பார்க்கலாம். அந்த இடத்தைத் தேடி சேர் வரைபடத்தில் விரல் வைத்தது மன்னார்த் தீவின் தென்கரையில். கடலுக்கு முன்னால் பனங்கூடலும் வெறும் மணலும். அங்கிருந்த சனம் வள்ளம் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பல வருடம். அந்தக் காற்று சுத்தமாக இருந்ததற்குக் காரணம் சனம் இல்லாததுதான் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

கரையில் ஒரு தகரக் கொட்டில் போட்டோம். கூரையில் சூரியத் தகடுகள். கூரைக்கு மேலே தொப்பி வைத்த ஒரு நீண்ட குழாய். குழாயின் அடியில் எங்கள் பெட்டி. அதற்குள் வெள்ளை வடிதாள் நாடா ஒன்று மெல்ல மெல்ல நகரும். பம்பி காற்றை இழுத்து அந்தத் தாளுக்கூடாக விடும். தாளில் ஒரு புள்ளி விழும். அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒரு சின்ன விளக்கு அளந்து சொல்லும். அவ்வளவுதான் வித்தை. மிச்சமெல்லாம் சுத்தம்.

சுத்தம் என்றால் சேருடைய சுத்தம். கொட்டிலுக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். வாய்க்குத் துணி கட்ட வேண்டும். கையுறை போட வேண்டும். வடிதாளை இடுக்கியால் மட்டுமே தொடலாம். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு ஒருவரும் உள்ளே வரக் கூடாது. முதல் நாள் நான் தெரியாமல் போட்டுக்கொண்டு போய்விட்டேன். சேர் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார். பிறகு மிகுந்த மரியாதையுடன், "தாங்கள் தயவுசெய்து முகம் கழுவிக்கொண்டு வாறீங்களோ?" என்றார். சேருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். "நீர்" என்று கூப்பிடுகிறவர் "தாங்கள்" என்பார். அதைக் கேட்டால் என்ன பிழை விட்டோம் என்று தேடத் தொடங்கிவிடுவோம். சந்தோசம் வந்தால் ஒரே ஒரு தரம் கைதட்டுவார். பிறகு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேறு குணம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கொட்டிலைச் சுற்றி ஒருவரும் நெருப்பு மூட்டக் கூடாது என்று ஒரு பலகை வைக்க நினைத்தோம். பட்டினத்தில் பலகை எழுதுகிற ஒருவரிடம் கொடுத்தோம். அந்த நாட்களில் அவருக்கு ஒரே வேலைதான் வந்துகொண்டிருந்தது. மிதிவெடிப் பலகை. ஆகவே எங்கள் பலகையும் அதே சிவப்பில், அதே வெள்ளை எழுத்தில் வந்து சேர்ந்தது. "இவ்வெல்லைக்குள் நெருப்பு, புகை முற்றாகத் தடை." நாங்கள் கேட்காமலே கீழே ஒரு மண்டையோடும் கீறியிருந்தார், கை பழகிய பழக்கத்தில். சேர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்ச ஆர் வாசிக்கப் போகினம், கழுதையளோ? நடும்" என்றார். சீமெந்து போட்டு நட்டோம்.

அடுத்த சோளகக் காற்றுக் காலம் முடிகிற நேரத்தில் சனம் வந்தது. தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள். வேதக்காரரும் சைவக்காரரும் கலந்து. எங்கள் கொட்டிலுக்குப் பின்னால், உட்பக்கமாக, அவர்களுடைய பழைய காணிகள் இருந்தன. கூரைத் தகரமும் கிடுகும் ஏறின. தென்மேற்குச் சோளகம் வீசும்வரை எங்களுக்குப் பிரச்சினை இல்லை. கடலிலிருந்து வரும் காற்று முதலில் எங்களிடம் வந்துதான் அவர்களிடம் போகும். ஆனால் வாடை தொடங்கினால் காற்று வடகிழக்கிலிருந்து, அவர்களுடைய வீடுகளுக்கு மேலாக எங்கள் குழாய்க்குள் வரும். அடுப்புப் புகை எல்லாம் வரும். எங்கள் சுத்தக் காற்று அத்தோடு சரி.

திட்டத்துக்குக் காசு தந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மின்னஞ்சல் போட்டார். அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினால் இந்தக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் காணி கொடுப்பார்கள்தானே என்று. சேர் அப்படி ஒரு கடிதம் எழுதினால் அது எடுபட்டிருக்கும். அவருடைய பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அவர் பதில் போடாமல் வைத்திருந்தார். "வாடை வரட்டும், பாப்பம்" என்றார். அந்த "பாப்பம்" எனக்குப் பிடிக்கவில்லை. வந்திறங்கிய சனத்தை இன்னொரு முறை பெட்டி கட்ட வைப்பதா என்று நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

வாடை வந்தது. காற்று திரும்பியது. கோடு அசையவில்லை.

சனம் குடியிருக்கிற எந்த இடத்திலும் கரிப்புகையின் கோட்டில் இரண்டு மேடு இருக்கும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. உலகம் முழுக்க அப்படித்தான். மனிதன் தின்னுகிறவன். எங்கள் கோடோ பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. முதலில் எனக்குச் சந்தோசம். சனமும் இருக்கலாம், எங்கள் பெட்டியும் இருக்கலாம் போலிருக்கே என்று நினைத்தேன். சேருக்குச் சந்தோசம் இல்லை. "சுகந்தி, தாங்கள் இந்த மிசினைக் கடைசியா எப்ப கழுவினீங்கள்?" என்றார். தாங்கள்!

நாங்கள் பெட்டியைப் பிரித்தோம். முதலில் ஒழுக்குப் பார்த்தோம். குழாயின் வாயை இறப்பர் மூடியால் அடைத்தால் காற்றோட்டம் அடியோடு நிற்க வேண்டும். நின்றது. ஒழுக்கு இல்லை. பம்பி இழுக்கும் அளவைப் பார்த்தோம். சரி. விளக்கின் கண்ணாடியைத் துடைத்தோம். சரி. நாடா ஈரமாகியிருக்குமோ என்று புது நாடா போட்டோம். அதுவும் பாய் மாதிரித்தான். சேர் மணலில் முழங்காலில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் காதை வைத்துக் கேட்டார். வெள்ளைச் சட்டை முழுக்க மண். நானும் அவருக்குப் பக்கத்தில், வாயில் துணியும் கையில் உறையுமாகக் குந்தியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் சனம் நின்று எங்களை மிகவும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையின் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் சேர் ஒரு துண்டுத் தும்புக் கயிற்றைக் கொளுத்தி, ஏணியில் ஏறி, குழாயின் வாயருகில் பிடித்தார். கோடு விறுக்கென்று ஏறியது; சோதனை என்று குறித்து அந்தப் புள்ளியை அப்போதே கணக்கிலிருந்து நீக்கினேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. சேர் ஏணியிலேயே நின்றபடி வீடுகளைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சனம் என்னத்தைத் தின்னுது?"

கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கி நடந்தோம். முதல் வீடு ஜெசிந்தா அக்காவுடையது. புருசனும் இரண்டு பெண் பிள்ளைகளும். வாய்க்கு வாய் கதைக்கக்கூடிய மனுசி. நான் கிழமைக்கு ஒரு முறை நாடா மாற்ற வரும்போது அவரிடம் இரண்டு வார்த்தை கதைக்காமல் போனதில்லை. எங்களைக் கண்டதும் இருப்பதற்கு மர வாங்கைத் துடைத்துப் போட்டார்.

"இருங்கோ சேர். மிஸ், நீங்களும் இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ" என்று பிளாஸ்கைத் திறந்தார்.

சேர் கோப்பையைக் கையில் வாங்கிவிட்டுக் கேட்டார். "இது எங்க போட்ட தேத்தண்ணி?"

"விடியப் போட்டது சேர். சூடு கிடக்குத்தானே?"

"எங்க எண்டு கேட்டனான், அம்மா."

"அங்கால கன தூரம் தள்ளி, பனங்கூடல் தாண்டிக் கடற்கரையில. நாங்கள் எல்லாரும் அங்கதானே சேந்து சமைக்கிறது."

"ஏன், வீட்டில அடுப்பு இல்லையோ?"

அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன் இல்லை? இந்த வீட்டில முதல் கட்டினதே அடுப்புத்தான். கூரை பிறகுதான் போட்டது. வந்து பாருங்கோவன்."

போய்ப் பார்த்தோம். இரட்டை வாய் மண்ணடுப்பு. வழவழவென்று மெழுகி, மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் விறகும் சிரட்டையும் அடுக்கி, ஒரு புதுப் பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடுப்புக்குள் ஒரு துளி சாம்பல் இல்லை.

"பிறகு ஏன் மூட்டேல்லை?" என்று நான் கேட்டேன்.

ஜெசிந்தா அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள்தானே மிஸ் போர்ட் போட்டிருக்கிறியள்? இன்னும் எடுத்து முடியேல்லைத்தானே?"

"என்னத்தை எடுத்து?"

"காத்தில கிடக்கிறதை."

எங்களுக்கு விளங்கவில்லை என்று கண்டு அவரே விளக்கினார். "அங்கால றோட்டுப் பக்கம் நிலத்தில கிடக்கிற வெடியை எடுக்கினமெல்லே. கையுறை போட்டு, முகத்தை மறைச்சு, குந்தியிருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கினம். எடுத்து முடிஞ்சா அந்தச் சிவப்புப் போர்ட்டைக் கழட்டிக்கொண்டு போவினம். பிறகு நாங்கள் நடக்கலாம். நீங்களும் வாய் கட்டி, கையுறை போட்டு, குழாயால இழுத்து இழுத்து எடுக்கிறியள். மிஸ் ஒவ்வொரு கிழமையும் புள்ளி விழுந்த தாளைக் கவனமாக் கொண்டு போறா. போர்ட்டிலயும் மண்டையோடு கிடக்கு. நெருப்புக் காட்டினா ஏதும் பத்திப் பிடிக்குமாக்கும் எண்டு பிள்ளையளுக்கும் சொல்லி வச்சிருக்கிறம். முடியட்டும், பிறகு பால் காச்சிக் குடி புகுவம் எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கிறம். எத்தினையோ வருசம் காம்பில வரிசையில நிண்டு சமைச்சனாங்கள். இன்னும் கொஞ்ச நாள் நிக்கேலாதே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. என் சுத்தமான கோடு, நான் சந்தோசப்பட்ட அந்தப் பாய் விரித்த கோடு, இந்த மனுசி மூட்டாமல் வைத்திருந்த அடுப்பு.

சேர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "தாங்கள் எங்களை மன்னிக்கோணும், அம்மா" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய "தாங்கள்" அவர் மேலேயே வந்த கோபமாக இருந்தது.

கொட்டிலுக்குத் திரும்பும் வழியில் நான்தான் வாயைத் திறந்தேன். "சேர், போர்ட்டைக் கழட்டினா இந்த வாடை முழுக்க எங்களுக்குச் சுத்தக் காத்து இல்லை. ஓடுபாதைக் கணக்குக்கு என்னத்தைக் கழிக்கிறது? ஓடுபாதைச் சனமும் பதிலுக்குப் பாத்துக்கொண்டுதானே இருக்குது?"

"பிள்ளை, சனம் அடுப்பு மூட்டப் பயந்து கிடக்கேக்க நாங்கள் அளந்தது காத்தையே? அந்தப் போர்ட்டையெல்லோ அளந்திருக்கிறம்." இரண்டடி நடந்து நின்றார். "போய் ஒரு அலவாங்கு வாங்கிக்கொண்டு வாரும்."

ஜெசிந்தா அக்காவின் புருசனிடம்தான் அலவாங்கு வாங்கினேன். சேர் மற்ற ஒருவரையும் தொட விடவில்லை. அந்த இரும்புக் கம்பியால் தானே சீமெந்தை இடித்தார். ஊர் முழுக்கக் கூடிவிட்டது. பலகை சாய்ந்ததும் கூட்டத்துக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது.

"எடுத்து முடிஞ்சுதோ, சேர்?"

சேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "முடிஞ்சுது. உங்கட காத்தில ஒண்டுமில்லை. நல்லா வடிவாப் புகையுங்கோ."

பலகையைத் தனக்குத் தரும்படி ஜெசிந்தா அக்கா கேட்டு வாங்கினார். கோழிக்கூட்டுக்குக் கதவு. மண்டையோடு வெளிப்பக்கம் தெரிய மாட்டினார். கீரி இனி வராது என்றார்.

குடிபுகுகிற நாளை எல்லா வீட்டாரும் ஒரே காலையில் வைத்துக்கொண்டார்கள். பங்குச் சுவாமி வந்து வேதக்காரர் வீடுகளை மந்திரித்தார். சைவக்காரர் வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். சேரும் நானும் விடியவே கொட்டிலுக்குள் திரையின் முன்னால் போய் இருந்தோம். கதவைத் திறந்தே விடச் சொன்னார். பவுடருக்கு ஆளை விரட்டிய மனுசன்! சிரட்டைப் புகையும் பாளைப் புகையும் உள்ளே வந்து எங்கள் கண்ணைக் கரித்தன. கோடு மெல்லக் கிளம்பியது. பிறகு நிமிர்ந்தது. பிறகு திரையின் மேல்விளிம்பில் முட்டி அங்கேயே நின்றது. பின்பக்கத்தில் ஒரு வீட்டில் பால் பொங்கிவிட்டது போல. சின்னப் பெண்கள் கூவினார்கள். உடனே அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில்.

சேர் கைதட்டினார். ஒரு தரமில்லை. சனத்தோடு சேர்ந்து தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெசிந்தா அக்கா வாழையிலையில் பாற்சோறு கொண்டுவந்தார். "பனங்கட்டி போட்டிருக்கு சேர். ஆனா பிளேன்ரீ இல்லை, இண்டைக்குப் பால் தேத்தண்ணிதான்." கொட்டிலுக்குள் தண்ணீர்ப் போத்தல்கூடக் கொண்டுவர விடாத சேர், பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தே அதைச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வெளிநாட்டுக்காரருக்கு ஒரு வரியில் பதில் எழுதினார். ஆட்களை நகர்த்தும் எண்ணம் இல்லை, வேண்டுமானால் நிலையத்தை நகர்த்துகிறேன் என்று. எப்படி நகர்த்துவது என்று அப்போது அவருக்கே தெரியாது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சுகந்தி, இந்தக் காலமையைப் பிழை எண்டு சொல்லி ஒருத்தரும் வெட்டக் கூடாது. அது உம்மட பொறுப்பு."

நகர்த்தும் வழி தெருவில்தான் கிடைத்தது. பட்டினத்துக்குப் போகும் வழியில் நானாட்டான் பக்கத்து உழவு இயந்திரம் ஒன்று, பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் ஒரு வள்ளத்தை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் காற்றுக்குத் தக்கபடி கரை மாறுவார்கள். சோளகத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வள்ளமெல்லாம் வடகரைக்குப் போகும். வாடையில் திரும்பி வரும். எங்கள் பெட்டியையும் ஏன் சில்லு வைத்த வண்டியில் ஏற்றக் கூடாது? சோளகத்தில் தென்கரை, வாடையில் வடகரை. எப்போதும் கடலிலிருந்து வரும் காற்று முதலில் எங்களிடம் வரும். ஒருவருடைய அடுப்பும் குறுக்கே வராது. சேரிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த நாள் வந்து வண்டிக்கு எந்த நிறம் பூசலாம் என்று கேட்டார். சிவப்பு வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை எங்களுக்குத் திருவிழாதான். வள்ளக்காரர் அமைதியான கரையைத் தேடிப் போவார்கள், நாங்கள் காற்றடிக்கிற கரையைத் தேடிப் போவோம். அதனால் எப்போதும் எதிரும் புதிருமாகத் தெருவில் சந்திப்போம். "மிஸ், உங்களுக்கு மட்டும் ஏன் எல்லாம் தலைகீழ்?" என்று வள்ளத்துக்கு மேலிருந்து கத்துவார்கள். வாடை முடிந்து நாங்கள் தென்கரைக்குத் திரும்பும்போது ஜெசிந்தா அக்கா வீட்டில் சோறு கட்டாயம். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"போகேக்க வள்ளத்தில போனனாங்கள் சேர், வரேக்க பிளேனில கூட்டிக்கொண்டு வந்து விட்டவை. நீங்கள் அளக்கிற பிளேன் புகையில எங்கட பங்கும் கொஞ்சம் இருக்கும் என்ன?"

"அதை நான் கழிக்க மாட்டன், அம்மா" என்றார் சேர்.

ஓடுபாதைச் சனத்துக்கும் எங்களால் பதில் சொல்ல முடிந்தது. உங்கள் கொடியில் படிகிற கரியில் விமானத்தின் பங்கு இதுதான் என்று சேரே போய் அவர்கள் முன்னால் நின்று சொன்னார். கழித்துப் பார்த்த அந்தச் சுத்தக் காற்றை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. அதன் பிறகு எத்தனையோ வேலை செய்தேன், எங்கெங்கோ போனேன். ஆனால் அந்த மணலில் வேலைசெய்த காலம் போல் மனம் நிறைந்த காலம் எனக்கு வரவில்லை.

இதை எழுதி அனுப்பினேன். நேற்று நிரோஷா எடுத்தாள்.

"மிஸ், அந்தக் காலமையை நான் எறியேல்லை. ஆனா வச்சிருக்கிறதுக்குக் காரணம் கேட்டு இந்தப் புரோகிராம் அடம்பிடிக்குது. என்ன எழுத?"

"பால் பொங்கினது எண்டு எழுதும்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஏத்துக்கொண்டிட்டுது மிஸ்" என்றாள்.